எறும்புப் புற்றில் விளைந்த வைரம்: 1872-இன் ஒரு மகா புளுகு

1870 நவம்பரில் ஒரு நாள், பொழுது சாய்ந்த நேரம். சான் பிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் ராபர்ட்ஸ் என்ற தொழிலதிபரின் அலுவலகத்துக்கு இரண்டு பேர் வந்தார்கள். வெயிலிலும் காற்றிலும் அடிபட்ட முகம், கையில் ஒரு தோல் பை. உள்ளே விலை உயர்ந்த சரக்கு இருக்கிறது, பேங்க் ஆஃப் கலிபோர்னியாவில் பத்திரப்படுத்த வந்தோம், நேரமாகிவிட்டதால் வங்கியை மூடிவிட்டார்கள் என்றார்கள். என்ன சரக்கு என்று ராபர்ட்ஸ் கேட்டார். தயங்கினார்கள். துருவித் துருவிக் கேட்டார். இன்னும் தயங்கினார்கள். கடைசியில், மனசே இல்லாமல் சொல்வதுபோல, பட்டை தீட்டாத வைரம் என்று ஒப்புக்கொண்டார்கள். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள்.

ராபர்ட்ஸ் சத்தியத்தைக் காப்பாற்றவில்லை. அவர் காப்பாற்ற மாட்டார் என்ற நம்பிக்கையில்தான் திட்டமே போடப்பட்டிருந்தது.

அமெரிக்க மேற்கைக் களமாகக் கொண்ட இளையோர் சாகச நாவல்களில் பொய் சொல்வது ஒரு தனிக் கலையாக வரும். பொடியன் ஒருவன் ஒரு பொய் சொல்வான், அதை மறைக்க இன்னொன்று சொல்வான், மூன்றாவது பொய்க்கு வாய் திறக்கும்போது ஷெரீஃபின் குதிரை துரத்திக்கொண்டு வரும். கௌபாய் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்குப் பழகிய தடம்தான். அங்கே பொய்யன் என்றால் வாயாடி. ஆனால் அதே மேற்கில் நிஜமாக நடந்த ஒரு பெரும் புளுகைத் திருகு திருகாகக் கழற்றிப் பார்த்தால் வேறு சங்கதி தெரிகிறது. புளுகியவர்கள் வாயையே அதிகம் திறக்கவில்லை. பேசுகிற வேலையை ஊரின் பெரிய மனிதர்கள் செய்து கொடுத்தார்கள். அதிலும் அவர்களில் பலர், அவரவருக்குத் தெரிந்த அளவில், நாணயமாகவே பேசினார்கள். அந்த நாணயம் எப்படிப் புளுகுக்குச் சாரக்கட்டாக நின்றது என்பதுதான் இந்த வழக்கில் பார்க்க வேண்டியது.

ஆட்களும் சரக்கும்

தோல் பையோடு வந்தவர்கள் பிலிப் ஆர்னால்ட், ஜான் ஸ்லாக். கென்டக்கி மாநிலத்துக்காரர்கள், ஒன்றுவிட்ட உறவு. ஆர்னால்ட் மெக்சிகோ போரில் பங்கெடுத்தவர், 1849 தங்க வேட்டைக்காகக் கலிபோர்னியாவுக்கு ஓடி வந்த கூட்டத்தில் ஒருவர், இருபது வருடம் சுரங்க வட்டாரங்களில் அலைந்தவர். ஸ்லாக் வயதில் மூத்தவர், வாய் திறக்காத ஆள். 1870-இல் ஆர்னால்டுக்குக் கிடைத்திருந்த வேலையைக் கவனிக்க வேண்டும். பாறையைக் குடைகிற, வைர முனை பொருத்திய துளைக்கருவிகளைச் செய்யும் கம்பெனி ஒன்றில் உதவிக் கணக்குப்பிள்ளை. அங்கே தொழிலுக்கென்று வைத்திருந்த மட்ட ரக வைரங்களில் கொஞ்சம் பைக்குள் போயிற்று. அவற்றோடு அரிசோனாப் பழங்குடி மக்களிடம் வாங்கிய கார்னெட், மாணிக்கம், நீலக்கல் போன்றவை கலந்தன. ராபர்ட்ஸ் பார்த்த முதல் பை இதுதான்.

இன்றைக்குப் படிக்கும்போது 'இதையா நம்பினார்கள்?' என்று சிரிப்பு வரும். அந்தக் காலத்துக்குள் போய் நின்றால் அவ்வளவு சிரிப்பு வராது. 1848-இல் கலிபோர்னியாவில் ஓர் ஆலைக்கு வெட்டிய கால்வாயில் தங்கம் கிடைத்தது. 1859-இல் நெவாடாவில் காம்ஸ்டாக் வெள்ளி. 1867 முதல் தென்னாப்பிரிக்காவில் வைரம், 1871-இல் கிம்பர்லி. ஒவ்வொரு தடவையும் 'அங்கே எப்படி இருக்கும்' என்று சிரித்தவன் ஏமாந்தான், விழுந்தடித்து ஓடியவன் பணக்காரனானான். இருபது வருடம் இப்படியே நடந்த ஊரில் சந்தேகப்படுவதுதான் நஷ்டமான பழக்கம். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். ஆர்னால்டின் பொய் அந்தக் காலத்துக்கே அளவெடுத்துத் தைத்தது.

ராபர்ட்ஸ் விஷயத்தைக் கொண்டுபோன இடம் வில்லியம் ரால்ஸ்டன், பேங்க் ஆஃப் கலிபோர்னியாவை நிறுவியவர், காம்ஸ்டாக் வெள்ளியில் கொழித்த மனிதர். லண்டனில் இருந்த ஆஸ்பரி ஹார்பெண்டிங் என்ற இன்னொரு முதலாளிக்கும் தகவல் போயிற்று. அவரும் கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டுக் கப்பலேறி வந்தார். ஆர்னால்டும் ஸ்லாக்கும் யாரையும் கூப்பிடவில்லை, யாரிடமும் பங்கு விற்கவில்லை. முதலாளிகள்தான் இவர்களைத் துரத்திக்கொண்டு வந்து, இந்தப் பட்டிக்காட்டான்களைச் சீக்கிரம் கைகழுவிவிட்டுச் சொத்தை நாம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். ஏமாற்றப் போகிறோம் என்ற நினைப்பில் இருப்பவனுக்குத் தான் ஏமாறுகிறோம் என்ற சந்தேகம் வராது.

ஸ்லாக் தன் பங்கை ஒரு லட்சம் டாலருக்கு விற்க 'சம்மதித்தார்'. பாதி உடனே, மீதி இன்னொரு நடை போய்ச் சரக்கு கொண்டு வந்த பிறகு. கைக்கு வந்த 50,000 டாலரோடு இருவரும் பாலைவனத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் கப்பலேறி லண்டன் போய்ச் சேர்ந்தார்கள். பொய்ப் பெயரில் வைர வியாபாரி ஒருவரிடம் 20,000 டாலர் அளவுக்கு, பட்டை தீட்டாத சின்னச் சின்ன வைரமும் மாணிக்கமும் ஆயிரக்கணக்கில் வாங்கினார்கள். முதலாளிகளின் காசிலேயே முதலாளிகளுக்கான தூண்டில் புழு. எந்தச் சுரங்கத்தில் கிடைக்கும், எந்த நாட்டுக் கல் என்றெல்லாம் தேர்ந்து வாங்கியதாகத் தெரியவில்லை. கலந்துகட்டி அள்ளி வந்தார்கள். அந்த அலட்சியத்துக்கு விலை பிறகு வரும்.

பில்லியர்ட்ஸ் மேசை

திரும்பி வந்தவர்களை ஹார்பெண்டிங் சான் பிரான்சிஸ்கோவுக்கு வெளியே லாத்ராப் ரயில் நிலையத்தில் சந்தித்தார். அவர் விவரிப்பில் இந்தக் காட்சி நாடகம் மாதிரியே இருக்கிறது. இருவரும் அழுக்கும் களைப்புமாக இருந்தார்கள். ஸ்லாக் அடித்துப் போட்டதுபோலத் தூங்கினார். ஆர்னால்ட் மட்டும் பக்கத்தில் துப்பாக்கியோடு, மான்தோல் மூட்டையைக் காத்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இருபது லட்சம் டாலர் பெறுமான கற்களை இரண்டு மூட்டையாகக் கட்டிக்கொண்டு கிளம்பினோம், வெள்ளம் வந்த ஆற்றைத் தெப்பம் கட்டிக் கடக்கும்போது ஒரு மூட்டை போய்விட்டது, மிச்சம் இந்தப் பத்து லட்சம்தான் என்றார் ஆர்னால்ட்.

இந்த ஆற்று வெள்ளத்தைக் கொஞ்சம் நின்று ரசிக்க வேண்டும். புளுகுகிறவன் சாதாரணமாகக் கொண்டுவந்ததைப் பெரிதாக்கிச் சொல்வான். ஆர்னால்ட் தொலைத்ததைப் பெரிதாக்கினார். நஷ்டக் கதை சொல்கிறவனை யாரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை, ஐயோ பாவம் என்பார்கள். பத்து லட்சம் ஆற்றோடு போனதென்றால் மீதிப் பத்து லட்சம் தானாகவே நிஜமாகிவிடுகிறது. இதை இளையோர் நாவலாக நான் எழுதினால் ஓர் அத்தியாயத்தையே அந்த இல்லாத தெப்பத்துக்குக் கொடுப்பேன்.

ஹார்பெண்டிங் மூட்டையை வீட்டுக்குக் கொண்டுபோனார். கூட்டாளிகள் காத்திருந்தார்கள். பில்லியர்ட்ஸ் மேசையில் துணி விரித்து, மூட்டையின் கட்டை அவிழ்த்துக் கொட்டினார்கள். பல நிறத்து வெளிச்சம் அருவியாகக் கொட்டியதாக அவர் எழுதுகிறார். ஹார்பெண்டிங்கை முழுசாக நம்ப முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்த மோசடியில் அவருக்கும் பங்குண்டு என்ற பேச்சு அவரைக் கடைசிவரை விடவில்லை. அதைத் துடைக்கத்தான் 1913-இல் தன் நினைவுகளைப் புத்தகமாகப் போட்டார். பட்டை தீட்டாத வைரம் மங்கலான கூழாங்கல் மாதிரிதான் இருக்கும், அருவியெல்லாம் கொட்டாது. ஆனால் அன்று அந்த மேசையைச் சுற்றி நின்றவர்களின் கண்ணுக்கு அது அப்படித் தெரிந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

டிஃபனி சொன்னது, ஜானின் சொன்னது

முதலாளிகள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை. சோதிக்காமல் முழுப் பணத்தையும் கொடுக்கக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். இரண்டு சோதனை. கல் அசலா என்று அமெரிக்காவின் பெயர்பெற்ற நகை வியாபாரி பார்க்க வேண்டும். நிலம் அசலா என்று பெயர்பெற்ற சுரங்கப் பொறியாளர் பார்க்க வேண்டும். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது!

1871 அக்டோபரில் நியூயார்க்கில் சாமுவேல் பார்லோ என்ற வழக்கறிஞரின் வீட்டில் கூடினார்கள். உள்நாட்டுப் போர்த் தளபதி ஜார்ஜ் மெக்லெல்லன், காங்கிரஸ் உறுப்பினர் பெஞ்சமின் பட்லர், மறுவருடம் ஜனாதிபதித் தேர்தலில் நின்ற பத்திரிகை ஆசிரியர் ஹொரேஸ் கிரீலி எல்லாரும் சபையில். நடுவில் சார்லஸ் லூயிஸ் டிஃபனி. கற்களைப் பிரித்துக் குவித்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், சந்தேகமில்லாமல் மதிப்பு மிக்க அசல் கற்கள் என்றார். கடைக்கு எடுத்துப்போய் இரண்டு நாள் பார்த்த பிறகு, கொண்டுவந்த பகுதிக்கு மட்டும் 1,50,000 டாலர் என்று விலை போட்டுக் கொடுத்தார்கள். இருவரும் லண்டனில் மொத்தத்துக்குமே கொடுத்தது 20,000.

டிஃபனி பொய் சொல்லவில்லை. கற்கள் அசல்தான். அவருக்கும் அவருடைய நிபுணருக்கும் பட்டை தீட்டி மெருகேறிய கல்தான் பழக்கம். பச்சைக் கல்லைத் தீட்டினால் எவ்வளவு தேறும், எவ்வளவு கழிவாகப் போகும் என்ற கணக்கு அவ்வளவாகக் கைவரவில்லை. ஆனால் சபையில் இருந்த யாரும் 'உங்களுக்குப் பச்சைக் கல் பழக்கமா?' என்று கேட்கவில்லை. டிஃபனியிடம் போய் அப்படி யார் கேட்பார்கள்? அவரும் தானாகச் சொல்லவில்லை. ஆர்னால்ட் இதற்கிடையில் மறுபடி லண்டன் போய் இன்னும் 8,000 டாலருக்குக் கல் வாங்கி வந்துவிட்டார், நிலத்தில் விதைக்க.

அடுத்தது நிலம். ஹென்றி ஜானின் என்ற பொறியாளரை அமர்த்தினார்கள். நூற்றுக்கணக்கான சுரங்கங்களைப் பார்த்தவர், கணிப்புத் தவறாதவர் என்று பெயர். கூலி 2,500 டாலர், கூடவே கம்பெனியின் 1,000 பங்குகளைப் பத்து டாலர் விலையில் வாங்கிக்கொள்ளும் உரிமை. பரிசோதகருக்கே பங்கு. வைரம் உண்டு என்று அவர் சொன்னால் அவரும் பணக்காரர், இல்லை என்று சொன்னால் அந்தப் பங்கு காகிதம். இந்த ஏற்பாட்டில் யாருக்கும் உறுத்தல் இல்லாதது எனக்கு இன்றும் வியப்புதான். இந்தக் காலத்து ஆலோசனை நிறுவனங்களைப் பார்த்துப் பழகிய வாசகருக்கு வியப்பு குறைவாக இருக்கலாம்.

1872 ஜூன் தொடக்கத்தில் வயோமிங்கின் ராலின்ஸ் நிலையத்தில் இறங்கி, குதிரையில் நான்கு நாள் பயணம். ஆர்னால்ட் வழி தவறியவர்போல நடித்தார், குன்றேறித் திசை பார்த்தார், சுற்றிச் சுற்றிக் கூட்டிப்போனார். உண்மையில் அந்த இடம் ரயில் பாதையிலிருந்து அப்படி ஒன்றும் தொலைவு இல்லை. ஜூன் 4-ஆம் தேதி போய்ச் சேர்ந்தார்கள். இன்றைய கொலராடோவின் வடமேற்கு மூலை. சில நிமிடத்தில் கூட வந்த ஆங்கிலேயர் ஆல்ஃபிரெட் ரூபரி கத்தினார். கையில் வைரம். பிறகு எல்லாரும் கத்தியால் மண்ணைக் கிளறத் தொடங்கினார்கள். வைரம், நடுநடுவே மாணிக்கம், மரகதம், நீலக்கல். முத்தும் கொஞ்சம் ஏன் போட்டு வைக்கவில்லை என்று எனக்கு விளங்கவே இல்லை, மறந்திருப்பார்கள் போலிருக்கிறது என்று ஹார்பெண்டிங் பிற்காலத்தில் கேலியாக எழுதினார். அன்று அந்தக் கேலி யாருக்கும் வரவில்லை.

ஜானினுக்கு இரண்டு நாள் போதுமாக இருந்தது. 3,000 ஏக்கரை வளைத்து எல்லை குறித்தார். கூலியாட்கள் கொஞ்சம் பேர் சலித்தாலே மாதம் பத்து லட்சம் டாலர் பெறுமான கற்கள் எடுக்கலாம் என்றார். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற கணக்கு. அந்த ஒரு பருக்கையை யார் எடுத்து நீட்டினார்கள் என்பதை அவர் யோசிக்கவில்லை. ஆர்னால்ட் காட்டிய இடத்தில் தோண்டினார்கள், கிடைத்தது. காட்டாத இடத்தில் யாரும் தோண்டவில்லை. ஊர் திரும்பியதும் ஜானின் தன் பங்குகளை 40,000 டாலருக்கு விற்றுவிட்டார்.

இப்போது கூட்டிப் பாருங்கள். கல் அசல் என்று டிஃபனி சொன்னார், அசல்தான். மண்ணில் கல் இருக்கிறது என்று ஜானின் சொன்னார், இருந்தது. அந்தக் கல்லும் அந்த மண்ணும் ஒன்றுக்கொன்று சொந்தமா என்ற கேள்வியை டிஃபனியிடமும் கேட்கவில்லை, ஜானினிடமும் கேட்கவில்லை. அந்த இடைவெளியில்தான் ஆர்னால்ட் குடியிருந்தார். ஜானினின் அறிக்கையை மெக்லெல்லன் போன்ற பெயர்கள் தாங்கின, அந்தப் பெயர்களை ரால்ஸ்டனின் வங்கி தாங்கியது, வங்கியை டிஃபனியின் விலைச் சீட்டு தாங்கியது. இருபத்தைந்து பேர் ஆளுக்கு 80,000 டாலர் போட்டார்கள். ஒரு கோடி டாலர் மூலதனம் என்று கம்பெனி பதிவானது. ஆர்னால்ட், ஸ்லாக் இருவருக்குமாக ஐந்து லட்சம் டாலருக்கு மேல் கைமாறியது. ஆர்னால்ட் சத்தமில்லாமல் குடும்பத்தோடு கென்டக்கி போய்ச் சேர்ந்தார்.

எறும்புகளின் சாட்சி

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பது பழமொழி. இந்தப் புளுகு இரண்டு வருடம் தாங்கியது. இடிக்க வந்தவர் கிளாரன்ஸ் கிங், முப்பது வயது நிலவியலாளர். 1867 முதல் நாற்பதாவது அட்சரேகையை ஒட்டிய பெரும் நிலப்பரப்பை அரசாங்கத்துக்காக அளந்து வந்தவர். வைரம் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட இடம் எங்கே என்று வெளியே யாருக்கும் தெரியாது, ஆனால் அது தன் அளவைப் பகுதிக்குள் இருந்தால்? ஐந்து வருடம் அரசுப் பணத்தில் மண்ணைப் பார்த்தவனுக்கு வைரம் கண்ணில் படவில்லை என்றால் மானம் கப்பலேறிவிடும். கிங்கின் அக்கறையில் அறிவியல் எவ்வளவு, தன்மானம் எவ்வளவு என்று பிரிக்க நான் முயல மாட்டேன்.

1872 அக்டோபரில் கிங்கின் குழுவினர் சிலர் ரயிலில் ஜானினின் ஆட்களோடு பயணிக்க நேர்ந்தது. பேச்சோடு பேச்சாகத் துணுக்குகள் விழுந்தன. எந்தப் பக்கம் நடந்தார்கள், எத்தனை நாள், ஜூனிலும் பனி உருகாத மலை எது. கிங்கின் நெருங்கிய நண்பர் ஜேம்ஸ் கார்டினரும் மற்றவர்களும் இதையெல்லாம் தங்கள் வரைபடத்தோடு ஒட்டிப் பார்த்தார்கள். ஒரே ஒரு மலைதான் பொருந்தியது. அக்டோபர் 29-ஆம் தேதி ஃபோர்ட் பிரிட்ஜரிலிருந்து கிளம்பினார்கள். கடுங்குளிர். ஆறு கடந்த சவாரி விலங்குகளின் கால் மயிரில் பனி உருண்டைகள் கட்டித் தொங்கின. ஐந்து நாள் கழித்து ஒரு மரத்தில் ஜானின் கையெழுத்தோடு கூடிய அறிவிப்புக் காகிதம் கண்ணில் பட்டது.

முதல் நாள் இரவு இவர்களும் முழுசாக நம்பினார்கள். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் கிங் வந்தார், பார்த்தார், பிடித்தார் என்று கதையைச் சுருக்கிவிடுகிறார்கள். அன்று மாலை அந்த நிலவியலாளர்களும் மண்டியிட்டு, விறைத்த விரல்களால் கல் பொறுக்கினார்கள். குழுவில் ஒருவரான எம்மன்ஸ் தன் பதிவில் வைரக் காய்ச்சல் தங்களையும் பிடித்துக்கொண்டதை மறைக்கவில்லை. வித்தியாசம் மறுநாள் காலையில்தான். கிடைத்த இடத்தில் மறுபடி தேடுவதை விட்டுவிட்டு, கிடைக்காத இடங்களைக் குறித்துக்கொள்ளத் தொடங்கினார்கள்.

அந்தப் பகுதியில் அறுவடை எறும்புகள் புற்றின் மேல் சின்னக் கற்களைக் கொண்டுவந்து பரப்பும் வழக்கமுள்ளவை. அரிசோனாப் பக்கம் எறும்புப் புற்றிலிருந்தே கார்னெட் பொறுக்குவார்கள். ஆர்னால்டுக்கு மேற்கு மண் அத்துப்படி என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். புற்றில் மாணிக்கம் இருந்தால் எறும்பு கொண்டுவந்தது என்று தோன்றும். ஆனால் கிங் பார்த்ததில், மாணிக்கம் உள்ள புற்றுகளில் எறும்பு வாசலைத் தவிர, குச்சியால் குத்தியதுபோல இன்னொரு துளை இருந்தது. சுற்றிலும் பழைய காலடித் தடம். தடமில்லாத புற்றுகளில் ஒரு கல்கூட இல்லை. கைபடாத மண்ணைச் சலித்தால் ஒன்றுமில்லை. மழை நீர் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய ஓடையின் படுகையை ஆள் உயரத்துக்கு மேல் தோண்டினார்கள், அங்கேயும் ஒன்றுமில்லை. எங்கே கிடைத்தாலும் ஒரு வைரத்துக்கு ஏறத்தாழ ஒரு டஜன் மாணிக்கம் என்று அதே விகிதம், யாரோ கலந்து வைத்துக்கொண்டு கைநிறைய அள்ளித் தெளித்ததுபோல. எல்லாவற்றுக்கும் மேலே, வைரமும் மாணிக்கமும் மரகதமும் நீலக்கல்லும் ஒரே மண்ணில் கூட்டுக்குடித்தனம் நடத்துவது நிலவியலுக்கு ஒவ்வாது. லண்டனில் கலந்துகட்டி அள்ளியதற்கு விலை என்று சொன்னேனே, இதுதான்.

பட்டை தீட்டிய முகத்தோடு ஒரு வைரம் கிடைத்தது, இந்த நிலம் தீட்டிய வைரத்தையே விளைவிக்கிறதே என்று ஒருவன் கூவினான் என்றும் ஒரு கதை உண்டு. நகைச்சுவைக்குப் பிரமாதம். அதற்காகவே யாரோ பின்னால் ஒட்டியது என்று நினைக்கிறேன்.

இதற்கிடையில் நியூயார்க்கிலிருந்து வந்த வைர வியாபாரி ஒருவர் தொலைநோக்கியோடு இவர்களைப் பின்தொடர்ந்து வந்திருந்தார். சேதி அவர் மூலம் முந்திக்கொண்டால், விஷயம் தெரிந்தவர்கள் பங்குச் சந்தையில் விளையாடிவிடுவார்கள். கிங் விழுந்தடித்துச் சான் பிரான்சிஸ்கோ ஓடினார். நவம்பர் 10 இரவு ஜானினை அவர் ஓட்டல் அறையில் பிடித்து உட்கார வைத்து விடிய விடியப் பேசினார். காலையில் ரால்ஸ்டன். இயக்குநர்கள் கொஞ்சம் நாள் பொறுக்கச் சொன்னார்கள். கிங் மசியவில்லை. அவர்களையே நேரில் அனுப்பிப் பார்க்கச் சொன்னார். போனார்கள், ஜானினும் கூடப் போனார், தலையைத் தொங்கப்போட்டுத் திரும்பினார்கள். நவம்பர் 26-ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோ பத்திரிகைகளில் எல்லாம் வெளிவந்தது. பங்குகள் பொதுச் சந்தைக்கு வருவதற்குமுன் கதை முடிந்ததால் சிறு முதலீட்டாளர்கள் தப்பினார்கள்.

பிறகு

ரால்ஸ்டன் அந்த இருபத்தைந்து பேருக்கும் 80,000 டாலரைத் திருப்பிக் கொடுத்தார். 1875 ஆகஸ்டில் அவருடைய வங்கி வேறு காரணங்களால் முடங்கியது, மறுநாள் அவர் உடல் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவில் மிதந்தது. ஆர்னால்ட் எலிசபெத்டவுனில் நிலபுலன் வாங்கி மனைவி பெயரில் எழுதி வைத்துவிட்டு, நான் நேர்மையான வைர வேட்டைக்காரன், சூது செய்தவர்கள் கலிபோர்னியாக்காரர்கள் என்று அறிக்கை விட்டார். ஊரும் அவர் பக்கம். 3,50,000 டாலர் கேட்டு வழக்குத் தொடர்ந்த முதலீட்டாளர் ஒருவரோடு 1,50,000-க்கு முடித்துக்கொண்டார். பிறகு வங்கி தொடங்கினார், வேறு எதைத் தொடங்குவார்! 1878-இல் எதிர் வங்கிக்காரர் ஒருவரோடு நடந்த துப்பாக்கிச் சண்டையில் தோளில் குண்டு பாய்ந்தது. காயம் ஆறி வரும்போது நிமோனியாவில் போய்விட்டார். ஸ்லாக் சவப்பெட்டி செய்யும் தொழிலுக்குப் போய், கடைசியில் நியூ மெக்சிகோவில் ஈமச் சடங்கு நடத்துபவராக வாழ்ந்து, 1896-இல் இறந்தார். நாவலுக்குக் கதைசொல்லி யார் என்று கேட்டால் என் ஓட்டு ஸ்லாக்குக்கு. இரண்டு வருடம் வாயே திறக்காமல் இருந்தவருக்குள் எவ்வளவு சிரிப்பு தேங்கியிருக்கும்!

வேடிக்கை என்னவென்றால், நூறு வருடம் கழித்து 1970-களில், கொலராடோ வயோமிங் எல்லையிலேயே, ஆனால் ஆர்னால்ட் விதைத்த இடத்திலிருந்து கிழக்கே வெகு தொலைவில், அசல் வைரம் பொதிந்த எரிமலைப் பாறைக் குழாய்கள் கண்டுபிடிக்கப்பட்டன. கெல்சி ஏரிச் சுரங்கத்தில் 28.3 காரட் கல் ஒன்றுகூடக் கிடைத்தது. சில வருடத்தில் கட்டுப்படியாகாமல் மூடிவிட்டார்கள்.

கிங்கின் கதைதான் மிச்சம். வைரப் புளுகை உடைத்த புகழ் அவருக்குக் கைகொடுத்தது. 1879-இல் அமெரிக்க நிலவியல் அளவை நிறுவனத்தின் முதல் இயக்குநரானார். 1888-இல் நியூயார்க்கில் அடா கோப்லாண்ட் என்ற கறுப்பினப் பெண்ணை மணந்தார். அவரிடம் தன் பெயர் ஜேம்ஸ் டாட் என்றும், தானும் கறுப்பினத்தவர் என்றும், புல்மன் கம்பெனியின் படுக்கை ரயில் பெட்டிகளில் போர்ட்டர் வேலை என்றும் சொல்லியிருந்தார். கிங்குக்கு வெளுத்த நிறம், நீலக் கண். ஆனால் புல்மன் போர்ட்டர் என்றாலே கறுப்பினத்தவர் என்பது அன்று ஊரறிந்த நடைமுறை. ஒரு துளி கறுப்பின ரத்தம் இருந்தாலும் கறுப்பர் என்பது அன்றைய வெள்ளைச் சமூகத்தின் கணக்கு. வேலையின் பெயரைச் சொன்னால் போதும், மீதியைக் கேட்பவரே நிரப்பிக்கொள்வார். மாதக்கணக்கில் வீட்டில் இல்லாததற்கும் அந்த வேலையே காரணம். பதின்மூன்று வருடம், ஐந்து குழந்தைகள். ஆர்னால்டின் கலப்பு விகிதத்தைக் கண்டுபிடித்த மனிதர் தன் சரக்கில் அந்தப் பிசகு வராமல் பார்த்துக்கொண்டார்.

1901-இல் அரிசோனாவில் காசநோயால் சாகக் கிடந்தபோதுதான் உண்மைப் பெயரைக் கடிதத்தில் அடாவுக்கு எழுதினார். உங்களுக்காகப் பணம் வைத்திருக்கிறேன், என் நண்பர் பார்த்துக்கொள்வார் என்றும் சொல்லியிருந்தார். அந்த நண்பர் ஜேம்ஸ் கார்டினர், வரைபடத்தில் வைர மலையைக் கண்டுபிடித்த அதே கார்டினர். மாதா மாதம் பணம் வந்தது, யார் தருகிறார்கள் என்று அடாவுக்குச் சொல்லப்படவில்லை. கணவர் தனக்கு விட்டுப்போனதாகச் சொன்ன சொத்தைக் கேட்டு அவர் வழக்குப் போட்டார். 1933-இல் வழக்கு தோற்றது. கிங் கடனாளியாகவே இறந்தார், அப்படி ஒரு சொத்தே இல்லை, இத்தனை வருடம் பணம் வந்தது முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜான் ஹேயின் வீட்டிலிருந்து என்பது நீதிமன்றத்தில்தான் வெளியே வந்தது.